இன்னொரு கடைக்குப் போகும் உரிமை

ரொறன்ரோவில் சாமான் வாங்கப் போகும் ஒருவர் நோ ஃபிரில்ஸ், றியல் கனேடியன் சுப்பர்ஸ்ரோர், ரீ அன்ட் ரீ ஆகிய மூன்றிலும் விலை பார்த்து, மலிவான கடையைத் தெரிந்தெடுத்ததாகத் திருப்திப்படலாம். மூன்றும் லொப்லோ நிறுவனத்துக்கே சொந்தம். பெயர்ப்பலகை மூன்று, கல்லாப்பெட்டி ஒன்று.

1986இல் கனடாவில் குறைந்தது எட்டுப் பெரிய பலசரக்குக் கடைத்தொடர்கள் வெவ்வேறு நிறுவனங்களின் கையில் இருந்தன என்கிறது போட்டிப் பணியகத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை. இப்போது லொப்லோ, சோபீஸ், மெற்றோ, வோல்மார்ட், கொஸ்ற்கோ என்ற ஐந்தும் உணவு விற்பனையில் முக்கால் பங்குக்கு மேல் வைத்திருக்கின்றன. குடியேறிகள் கட்டிய கடைகளும் இந்த வழியில்தான் போயின. தாய்வானிலிருந்து வந்த சின்டி லீ 1993இல் தொடங்கிய ரீ அன்ட் ரீயை 2009இல் லொப்லோ 225 மில்லியன் டொலருக்கு வாங்கியது. மொன்றியலின் அடோனிஸில் 2011இல் மெற்றோ பெரும்பங்கை எடுத்தது. இத்தாலியச் சகோதரர்கள் தொடங்கிய லொங்கோஸின் 51 சதவீதம் 2021இல் சோபீஸின் தாய் நிறுவனத்திடம் போனது.

இதில் தவறென்று எதைச் சொல்வது? இருபது வருடமாக விடியமுன் ஒன்ராறியோ உணவு முனையத்துக்கு வான் ஓட்டிப் போய் மரக்கறி ஏற்றி வந்த ஒருவர், முதுமையில் கடையை நல்ல விலைக்கு விற்றால் அதைத் துரோகம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அவருக்கு ஓய்வூதியம் கொடுக்கப்போவது சமூகமல்ல. சிறியதெல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியாது. வேலையாளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கையில் காசாகக் கொடுக்கும் கடைகள் எங்களிடையேயும் உண்டு. பெரிய நிறுவனம் வாங்கியதால் ரீ அன்ட் ரீக்குப் புதிய கிளைகளும் வந்தன.

ஆகவே கேள்வி விற்றவரின் குணத்தைப் பற்றியதல்ல. ஒருவருக்கு வரும் இலாபத்தைக் காட்டி இன்னொருவரின் நட்டத்தை நியாயப்படுத்தலாமா என்பதுதான் கேள்வி. கனடாவின் போட்டிச் சட்டம் நீண்டகாலம் இதற்கு ஆம் என்றே பதில் சொன்னது. ஓர் இணைப்பு போட்டியைக் குறைத்தாலும், அதனால் வரும் செயல்திறன் அந்தப் பாதிப்பைவிடப் பெரிதென்று காட்டினால் அதை அனுமதிக்க இடமிருந்தது. பங்குதாரரின் வரவும் பிள்ளைகளுக்குப் பாண் வாங்கும் தாயின் செலவும் ஒரே கணக்கில் கூட்டிக் கழிக்கப்பட்டன. அவர்கள் ஒரே ஆள் அல்ல என்பதை அந்தக் கணக்கு கவனிக்கவில்லை. 2023 டிசம்பரில்தான் அந்த விதி நீக்கப்பட்டது.

பாணை உவமைக்காகச் சொல்லவில்லை. 2001 முதல் 2015 வரை பொதிசெய்த பாணின் விலையை நிறுவனங்கள் பேசிவைத்து உயர்த்தியதில் தமக்கும் பங்குண்டு என்று 2017 டிசம்பரில் லொப்லோவும் அதன் தாய் நிறுவனமான ஜோர்ஜ் வெஸ்ரனும் வெளிப்படுத்தின. முந்திச் சொன்னதற்காக வழக்கிலிருந்து விலக்குப் பெற்றன. வாடிக்கையாளருக்கு 25 டொலர் அட்டை கிடைத்தது. குழு வழக்கில் 500 மில்லியன் டொலர் கொடுக்க அவை உடன்பட்டது 2024இல்.

அதைவிட யோசிக்கவைப்பது 2020 ஜூன். பெருந்தொற்றில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்த மேலதிக ஊதியத்தை மூன்று பெரிய நிறுவனங்களும் ஒரே நேரத்தில் நிறுத்தின. தனித்தனியாக எடுத்த முடிவு என்று நாடாளுமன்றக் குழுவிடம் மூன்றும் சொல்லின. அது உண்மையாகவே இருக்கலாம். ஆட்கள் குறைந்த சந்தையில் சதி செய்யத் தேவையே இல்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்து நடந்தால் போதும். அங்கே கெட்ட எண்ணத்தைத் தேடிக்கொண்டிருப்பது வீண். காசாளராக நிற்கும் பெண்ணுக்கு, 'சரி, நான் அடுத்த கடைக்குப் போகிறேன்' என்று சொல்ல அடுத்த கடை இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும். வாங்குபவருக்கும், மரக்கறி விளைவிப்பவருக்கும் அதே கேள்விதான். விலை கூடாமலே இந்த உரிமை தொலைந்துபோக முடியும்.

ஊரில் சங்கக்கடையில் பங்கு வைத்திருந்தவர் பாணுக்கு வரிசையில் நின்றாலும் பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கணக்குக் கேட்கலாம். சங்கக்கடையில் ஊழல் இருந்தது, புழுத்த அரிசியும் இருந்தது. ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. இங்கே எங்களுக்கு அந்த இடம் இல்லை. வேறு கடைக்குப் போகும் கால்கள் மட்டுமே இருக்கின்றன.

அதனால் விற்பவரிடம் தியாகத்தைக் கேட்கவேண்டாம். குறைந்த ஒன்றைக் கேட்கலாம். விற்பதற்கு முன், கூட வேலை செய்தவர்களால் வாங்க முடியுமா என்று ஒருமுறை விசாரிப்பது அது. சட்டத்திடம் கூடுதலாகவே கேட்கலாம். தாங்கள் இருக்கும் வளாகத்தில் வேறு உணவுக்கடைக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று பெரிய நிறுவனங்கள் குத்தகையில் நிபந்தனை எழுதிக்கொள்கின்றன. இதைக் கட்டுப்படுத்தும்படி 2023 அறிக்கையே கேட்டிருக்கிறது. கடையை விற்பது உடைமையாளரின் உரிமை. பக்கத்தில் இன்னொருவர் கடை போடுவதைத் தடுப்பது யாருடைய உரிமையும் அல்ல.