யோசனை விற்போர், கடன் சுமப்போர்

தலைநகர் தில்லி! மாளிகைகள் நிறைந்த நகரம். மாநிலங்களின் வருங்காலத்தைத் தீட்டிடும் நகரம். அந்நகரின் ஓரத்திலே, விடியுமுன் எழுந்து, குடத்தைக் கையிலேந்தி, தண்ணீர் லாரியின் வரவை எதிர்நோக்கி நிற்கிறாள் ஒரு தாய். லாரி வருமா என்பது அவளுக்குத் தெரியாது. வந்தால் எத்தனை குடம் கிடைக்கும் என்பதும் தெரியாது. அவள் அறியாத செய்தி மற்றொன்றும் உண்டு. அவளுடைய தண்ணீரைப் பற்றி, அவளைக் கேளாமலே, ஒரு தேர்வு நடந்து முடிந்தது. போட்டியிட்டவர்கள் பெரும் ஆலோசனை நிறுவனத்தார். பரிசு, ஒப்பந்தம். பரிசுப் பணம், அவள் பெயராலும் அவள் பிள்ளைகள் பெயராலும் வாங்கப்பட்ட கடன்!

வறுமையை ஒழிக்கக் கடன் தருகிறோம் என்கின்றன பன்னாட்டு அமைப்புகள். அக்கடனை எவ்வழியில் செலவிடுவது என்று சொல்லித்தர ஆலோசகர்கள் வருகிறார்கள். அவர்கள் எங்ஙனம் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்? அவர்களின் அறிவு யாருக்குக் கடமைப்பட்டது? இந்தக் கேள்விகளைத்தான் இன்று ஆராயப் புகுகிறோம். ஒப்பந்தம் என்றதும், "அது கணக்கர் வேலை, நமக்கேன்?" என்று ஒதுங்கிட வேண்டா. அறம் பல நேரங்களில் கணக்கேட்டின் ஓரத்தில்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது.

முதலில் முறையைக் காண்போம். கடன் பெறும் அரசு விளம்பரம் செய்கிறது. நிறுவனங்கள் விருப்பம் தெரிவிக்கின்றன. வந்தவற்றுள் சிலவற்றை மட்டும் பொறுக்கிக் குறும்பட்டியல் தயாரிக்கிறார்கள். பட்டியலில் இடம்பெற்றோர் இரண்டு உறைகளை அனுப்ப வேண்டும். ஒன்றில், வேலையை எவ்வாறு செய்வோம், எந்த வல்லுநரைக் கொண்டு செய்வோம் என்ற விளக்கம். மற்றதில், விலை. முதலில் விளக்க உறையைப் பிரித்து மதிப்பெண் இடுவர். குறித்த அளவு மதிப்பெண் பெறாதவரின் விலை உறை பிரிக்கப்படுவதே இல்லை. மதிப்பெண் இடுவது கடன் வாங்கும் அரசின் குழு. ஆனால், "ஆட்சேபணை இல்லை" என்று கடன் கொடுப்போர் சொன்னாலன்றி, முக்கியமான கட்டங்களில் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. எழுதும் கை நம்முடையது. அந்தக் கையைப் பிடித்திருக்கும் கை வேறொருவருடையது!

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். விடைத்தாள் திருத்துவது நமது அன்றாடத் தொழில் ஆயிற்றே! விளக்கத்துக்கு 80, விலைக்கு 20 என்பது பரவலாக வழங்கி வந்த ஒரு பங்கீடு. ஒரு நிறுவனம் விளக்கத்தில் நூற்றுக்கு 92 பெறுகிறது, 2 கோடி ரூபாய் கேட்கிறது. மற்றொன்று 78 பெறுகிறது, 1 கோடி கேட்கிறது. குறைந்த விலை கேட்டவருக்கு விலைப் பகுதியின் 20 மதிப்பெண்ணும் முழுமையாக உண்டு. இருமடங்கு கேட்டவருக்கு 10. கூட்டிப் பாருங்கள். முன்னவருக்கு 83.6. பின்னவருக்கு 82.4. இருமடங்கு விலை கேட்டவர் வென்றுவிட்டார்! இதனைத் தவறென்று நாம் உடனே சொல்லிவிடவில்லை. மலிவான மருத்துவரைத் தேடி உயிரை இழப்பவர் அறிவுடையோர் அல்லர். ஆனால், அந்த 92 எதற்காகத் தரப்பட்டது என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா?

உலக வங்கி 2011 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் விடை கூறுகின்றன. முக்கிய வல்லுநர்களின் தகுதிக்கு 30 முதல் 60 மதிப்பெண். வேலை செய்யும் முறையைப் பற்றிய விளக்கத்துக்கு 20 முதல் 50. நிறுவனத்தின் பழைய அனுபவத்துக்கு 10 வரை. அறிவைப் பிறர்க்குக் கற்பிப்பதற்கு 10 வரை. உள்நாட்டவரைச் சேர்த்துக்கொள்வதற்கு 10 வரை. பிந்திய மூன்றுக்கும் சுழியே போட்டாலும் விதி மீறப்படாது! அந்த நெறிகளுக்குப் பதிலாக 2016 இல் புதிய விதிகள் வந்தன. எனினும், எழுதிய தாளைப் படித்து அறிவை அளக்கும் அடிப்படை மாறிடவில்லை.

ஆகவே, வெல்ல விரும்புவோர் என்ன செய்கிறார்கள்? தாள் எழுதுவதையே தனித் தொழிலாக வளர்த்துக்கொண்டார்கள். முன்மொழிவு எழுதவென்றே ஊழியர்களை அமர்த்துகிறார்கள். உலகெங்குமுள்ள வல்லுநர்களின் தகுதிக் குறிப்புகளைச் சேர்த்து வைத்து, கேட்ட தகுதிக்கேற்ப எடுத்துக் கோக்கிறார்கள். விளம்பரம் வெளிவருவதற்கு நெடுநாள் முன்பே அந்நாட்டின் அதிகாரிகளைக் கண்டு, என்ன கேள்வி வரப்போகிறது என்று மோப்பம் பிடிக்கிறார்கள். உதவி அமைப்பில் பணியாற்றி விலகியவரை வேலைக்கு வைத்து, அங்கே எந்தச் சொல் எடுபடும் என்று கற்றுக்கொள்கிறார்கள். உள்ளூர் நிறுவனம் ஒன்றைப் பங்காளியாகச் சேர்ப்பதும் உண்டு; வென்ற பிறகு அந்தப் பங்காளிக்குத் துண்டு வேலை கிடைத்தால் பெரிது. தாளிலே பெயர் பொறித்த மூத்த வல்லுநர், வேலை தொடங்கியதும் "வர இயலவில்லை" என்று விலக, இளைஞர் ஒருவர் அவ்விடத்தில் வந்து நிற்பதும் இத்துறையில் பழகிப்போன காட்சி. இத்தனையும் குற்றமென்று சட்டம் சொல்வதில்லை. கெட்டிக்காரத்தனம் என்று சந்தை சொல்கிறது!

இனி, தில்லிக்குத் திரும்புவோம். 1998 ஆம் ஆண்டு, குடிநீர் வழங்கலைச் சீர்ப்படுத்த உலக வங்கியின் கடனை நாடியது தில்லி அரசு. திட்டம் தயாரிக்க முதலில் ஓர் ஆலோசகர் வேண்டும் என்றனர். அதற்கே 25 லட்சம் டாலர் கடன்! முப்பத்தைந்து நிறுவனங்கள் விண்ணப்பித்தன. ஆறு நிறுவனங்களைக் கொண்ட பட்டியல் வேண்டும். பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் என்னும் பெரும் நிறுவனம் பத்தாவது இடத்தில் நின்றது. ஆறு பேர் பட்டியலில் பத்தாமவர்க்கு இடம் ஏது?

வழி பிறந்தது. பட்டியலில் வளரும் நாட்டு நிறுவனம் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்பது வங்கியின் விதி. நல்ல விதி! ஏழை நாட்டின் இளம் நிறுவனங்கள் தலைதூக்கட்டும் என்ற நோக்கில் பிறந்த விதி. உலகளாவிய அந்தப் பெரும் நிறுவனத்தின் இந்தியக் கிளை கொல்கத்தாவில் பதிவு பெற்றிருந்தது. எனவே, அது வளரும் நாட்டு நிறுவனம் ஆயிற்று! எளியோர் நுழையட்டும் என்று வைத்த திட்டிவாசல் வழியே யானை நுழைந்தது.

நுழைந்தபின்னும் அது விளக்கத் தேர்வில் தேறவில்லை. வங்கி மதிப்பீட்டை ஏற்க மறுத்தது. மறு மதிப்பீடு நடந்தது. மதிப்பீட்டாளர் ஒருவர் இட்ட குறைந்த மதிப்பெண்ணைப் பற்றி விவாதம் எழுந்தது. இடையே புதிதாக முன்மொழிவுகளும் கோரப்பட்டன. முடிவில், 2001 இல், ஒப்பந்தம் அதே நிறுவனத்துக்கே கிடைத்தது. இவ்வளவும் 2005 இல் வெளிவந்தது. பரிவர்த்தன் என்ற குடிமக்கள் அமைப்பு, தில்லி மாநிலத்தில் அதற்கு முன்பே நடைமுறையில் இருந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி, ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பெற்று, பக்கம் பக்கமாகப் படித்து, உலகறியச் செய்தது. வங்கி குற்றச்சாட்டை மறுத்தது. யாருக்கும் சலுகை காட்டவில்லை, எமது விதிகளின்படியே நடந்தோம் என்றது.

தோழர்களே, அந்த மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு சிந்திப்போம். விதிகளின்படியே நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிலைமை இன்னும் மோசமல்லவா? விதியை மீறி நேர்ந்த தீமைக்கு மருந்து உண்டு; விதியைக் கைப்பற்றித் தண்டிக்கலாம். விதியைக் காத்து நேர்ந்த தீமைக்கு எங்கே போய் முறையிடுவது?

கையூட்டு கொடுத்து ஒப்பந்தம் பெற்றவர்களும் உண்டு. லூயி பெர்கர் என்ற அமெரிக்க நிறுவனம், இந்தியா, இந்தோனேசியா, வியட்நாம், குவைத் நாடுகளின் அதிகாரிகளுக்குக் கையூட்டு கொடுத்ததை 2015 இல் ஒப்புக்கொண்டு, 1 கோடியே 71 லட்சம் டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. திருட்டு, பிடிபட்டது, தண்டம் விழுந்தது. அங்கே அறக்கேள்வி எளிது. தில்லியிலோ கையூட்டு கொடுத்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. எல்லோரும் படித்தவர்கள், எல்லோரும் கண்ணியவான்கள், எல்லாத் தாள்களிலும் கையொப்பம் உண்டு. ஆயினும், குடமேந்தி நின்ற தாய் அந்தத் தாள்கள் எதிலும் இல்லை. நம்மை உறுத்தும் கேள்வி இதுதான்.

மாற்றார் சொல்லும் வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். "மதிப்பெண் முறையும் இரண்டு உறையும் இல்லாவிட்டால், அமைச்சரின் மருமகன் அல்லவா ஒப்பந்தம் பெறுவான்?" என்பர். உண்மை. மருமகனைவிட மதிப்பெண் மேல், ஐயமில்லை. "அயல்நாட்டு வல்லுநர் எதற்கு என்கிறீர்களா?" என்பர். அப்படிச் சொல்லவில்லை. அறிவுக்கு ஊர் இல்லை. குழாயின் அழுத்தத்தை அளக்கும் கணக்கு தில்லிக்கு ஒன்று, இலண்டனுக்கு ஒன்று என்று இரண்டாக இல்லை. அறிவை வெறுப்பது பகுத்தறிவு ஆகாது. நாம் கேட்பது வேறு. அறிவுக்குப் பொறுப்பு உண்டா, இல்லையா?

ஊர் மருத்துவச்சியை நினைத்துப் பாருங்கள். அவள் தவறு செய்தால், மறுநாள் அதே தெருவில் நடந்தாக வேண்டும். அதே கிணற்றில் நீர் இறைத்தாக வேண்டும். அவளுடைய அறிவுக்கு அவள் முகமே பிணை. கிணறு வெட்டுமிடம் காட்டியவரும் அங்ஙனமே. நீர் ஊறாவிட்டால் ஊரார் அவர் வாசலில் வந்து நிற்பர். ஒப்பந்தத்தால் வந்த ஆலோசகரோ, அறிக்கையைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். திட்டம் பலித்தால், அடுத்த முன்மொழிவில் அது அவருடைய அனுபவம். பலிக்காவிட்டால்? அப்போதும் அவருடைய அனுபவம்! வென்றாலும் மதிப்பெண், தோற்றாலும் மதிப்பெண். கடன் மட்டும் இங்கேயே தங்குகிறது. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்ற பழமொழி இவர்களுக்கென்றே பிறந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆலோசகருக்கு ஊதியம் தருபவர் மக்கள். ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பவரும், மீண்டும் அழைப்பவரும், மெச்சுபவரும் வேறு. மனிதன் தன்னைத் தேர்ந்தெடுப்பவருக்கு உகந்ததைச் சொல்வானா, தன் சொல்லால் வாழ்ந்து கெடுபவருக்கு உகந்ததைச் சொல்வானா? தீயவனாக இருக்க வேண்டியதில்லை. சராசரி மனிதனாக இருந்தாலே போதும், அவன் நாக்கு தேர்ந்தெடுத்தவர் பக்கம் சாயும். தில்லியை 21 வட்டாரங்களாக்கி, அவற்றின் நிர்வாகத்தைத் தனியார் நிறுவனங்களிடம் விடும் திட்டம் அங்கே உருவெடுத்தது. அது நல்லதா, தீயதா என்பது தனி விவாதம். அவ்விவாதத்தில் குடமேந்தியவளுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை என்பதே நாம் சொல்லும் குறை.

கொடுப்பவர் மனம் வைத்தால் மாறாதா என்று கேட்கலாம். அமெரிக்க அரசின் உதவி நிறுவனம், தன் நிதியில் 25 விழுக்காட்டை உள்ளூர் அமைப்புகளுக்கே தருவோம் என்று 2021 இல் உறுதி கூறியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது ஏறத்தாழ 10 விழுக்காட்டிலேயே நின்றது. 2025 இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது; பெரும் நிறுவனங்களின் ஒப்பந்தங்களும், அவற்றை நம்பியிருந்த மருத்துவமனைகளின் மருந்தும் ஒருசேர நின்றன. தாளில் எழுதிய வாக்குறுதியும், கொடுப்பவரின் கருணையும் அடித்தளம் ஆகா என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பின் என்னதான் வழி? வாங்குபவர் விழித்திருப்பதே வழி. ஆலோசகரைத் தேடும் விளம்பரம் முதல் மதிப்பெண் தாள் வரை, மக்களின் மொழியில் வெளியிடப்படட்டும். எந்த ஊருக்காகத் திட்டமோ அந்த ஊராரும் மதிப்பெண் இடட்டும். ஊதியத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, ஆண்டுகள் சில சென்றபின், ஆலோசகரை அதே தெருவுக்கு அழைத்து, "சொன்னது நடந்ததா?" என்று கேட்டபின் கொடுக்கட்டும். மருத்துவச்சிக்கு உள்ள பொறுப்பைத்தான் கேட்கிறோம். மிகையாக ஒன்றும் கேட்கவில்லை.

2005 நவம்பரில் தில்லி அரசு அந்தக் கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. சில குடிமக்கள் தாள்களைப் படித்ததன் விளைவு அது. ஆனால், வெற்றி முழக்கமிட நமக்கு மனம் வரவில்லை. கடன் நின்றது, அதனால் குழாயில் நீர் வந்துவிடவில்லை. பொய்யான யோசனையை விரட்டுவது பாதி வேலை. மெய்யான யோசனையைத் தேடிக் கண்டு நிறைவேற்றுவது மறுபாதி. முதற்பாதியோடு கைதட்டிக் கலைந்து செல்லும் கூட்டமாக நாம் ஆகிவிடக் கூடாது.

இளைஞர்களே! மேடைப் பேச்சைக் கேட்க மாலை நேரத்தை ஒதுக்குகிறீர்கள். ஒரு மாலையை உங்கள் ஊர்த் திட்டத்தின் ஒப்பந்தத் தாளைப் படிக்க ஒதுக்குங்கள். சுவை இராது; அடுக்குமொழி இராது; கொட்டாவி வரும். எனினும் படியுங்கள். யார் கேட்டார், யார் எழுதினார், யார் மதிப்பெண் இட்டார், யார் கடனை அடைப்பார் என்று நான்கு கேள்விகளை ஓரத்தில் எழுதுங்கள். நான்காவது கேள்விக்குரியவர் முதல் மூன்றில் எங்கேனும் இருக்கிறாரா என்று தேடுங்கள். இல்லையென்றால், அந்தத் தாள் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அதற்கு நாம் இடவேண்டிய மதிப்பெண் சுழி.