செல்லாத நோட்டு

பணம் என்பது என்ன என்று யோசித்துப் பார்த்தால், அது ஒரு சொல் என்றுதான் தோன்றுகிறது. பொன்னாகவும் வெள்ளியாகவும் இருந்த காலத்தில் அது பொருள். தாளாக மாறிய பிறகு அது வாக்கு. ‘கொண்டு வருபவருக்கு இவ்வளவு தருவேன்’ என்று ஒரு சர்க்கார் சொல்லுகிறது. நாம் நம்பிக் கை நீட்டுகிறோம். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு நம் கையிலிருந்த ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று கேட்டபோது நாம் பதறினோம். நமக்காவது மாற்றிக்கொள்ளச் சில வாரங்கள் கிடைத்தன. வாக்குக் கொடுத்த சர்க்காரே இல்லாமல் போய்விட்டால் யாரிடம் போய் நிற்பது?

கரிவலம்வந்தநல்லூரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். செல்லாத நோட்டுச் சேர்ப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். நெடுங்காலம் ஆண்ட ராஜ்யங்களின் பணம் அவருக்கு வேண்டாம். போரிலும் புரட்சியிலும் திடீரென்று முளைத்து, இரண்டு மூன்று வருஷங்களில் பட்டுப்போனவைதாம் வேண்டும். இந்தப் பக்கத்து மனிதருக்கு அந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் எத்தனையோ பேர். போன இடத்துக்குப் போரும் வந்தது. திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டிகளில், துணிக்கு அடியில், இந்தத் தாள்களும் வந்து சேர்ந்தன.

அவருடைய ஆல்பத்தில் முதலில் இருப்பது வாழைமர நோட்டு. 1942இல் மலேயாவைப் பிடித்த ஜப்பானியர் அச்சிட்டது. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் நிற்கும். அதனால் அந்த வரிசை நோட்டுகள் எல்லாவற்றுக்குமே அந்தப் பெயர். கேட்டவுடன் தருவதாக ஜப்பானிய அரசின் வாக்கும் அதில் இருக்கிறது. ஆரம்பத்து நோட்டுகளில் வரிசை எண் உண்டு. பிறகு எண் போய்விட்டது. எழுத்து மட்டும் நின்றது. எண்ணே இல்லாத நோட்டை எத்தனை அச்சிட்டார்கள் என்று யார் எண்ணுவது? விலைவாசி ஏற ஏற, ஆயிரம் வெள்ளி நோட்டே வந்தது. 1945இல் ஜப்பான் சரணடைந்தது. திரும்பி வந்த பிரிட்டிஷ் நிர்வாகம் அந்தத் தாள்களுக்கு ஒரு காசும் பெறுமானம் இல்லை என்றது. மூன்றரை வருஷம் உழைத்துத் தோட்டத் தொழிலாளி மிச்சம் பிடித்த கூலி ஒரே நாளில் காகிதமாயிற்று.

அடுத்த பக்கத்தில் ஆசாத் ஹிந்த் வங்கியின் பெயரைத் தாங்கிய தாள் ஒன்று. போலிகள் மலிந்த சரக்கு இது. தம்முடையது அசல் என்று அவரும் சத்தியம் செய்வதில்லை. 1943 அக்டோபர் 21ஆம் தேதி நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். 1944 ஏப்ரலில் ரங்கூனில் அந்த அரசுக்கு ஒரு வங்கி ஏற்பட்டது. கடைத்தெருவில் பெருவாரியாகப் புழங்கியது அப்போதும் ஜப்பானிய நோட்டுத்தான். இந்த வங்கியின் முதல் வேறு. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த இந்தியர்கள் தாமாகக் கொடுத்த கொடை அது. வியாபாரிகள் சொத்தைக் கொடுத்தார்கள். பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். கூலிக்காரர்கள் கூலியைக் கொடுத்தார்கள். 1945 மே மாதம் ரங்கூன் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. வங்கியின் கதையும் அதோடு முடிந்தது.

இரண்டு தாளும் இன்று செல்லாதவைதாம். ஆனால் இரண்டும் ஒன்றா? வாழைமர நோட்டுத் துப்பாக்கி முனையில் திணிக்கப்பட்டது. வாங்கியவன் ஏமாற்றப்பட்டான், அதில் சந்தேகம் இல்லை. மற்றதில் கொடுத்தவள் தெரிந்தே கொடுத்தாள். 1947இல் சுதந்திரம் வந்துவிட்டதே, அவளுடைய கடன் தீர்ந்துவிட்டதல்லவா என்று நண்பரிடம் ஒருவர் கேட்டாராம்.

கேட்பதற்கு அழகான வாதம். ஆனால் அதைச் சொல்லுகிறவர் யார் என்று பாருங்கள். சுதந்திரத்தை அனுபவிக்கிற நாம்தான் சொல்லுகிறோம். தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள் சொன்னால் அது பெருந்தன்மை. வாங்கிக்கொண்டவன் சொன்னால்? கடன்பட்டவனே கடன் பத்திரத்தில் ‘வரவாயிற்று’ என்று எழுதிக்கொள்ளலாமா?

காலம் அப்படி, என்ன செய்வது என்றும் சொல்ல முடியாது. அதே போரில் பிலிப்பைன்ஸ் தீவுகளில், நீக்ரோஸிலும் போஹோலிலும் மிண்டனாவோவிலும், ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்கள் கிடைத்த காகிதத்தில் நோட்டு அச்சிட்டார்கள். அதை வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. இருந்தும் ஜனங்கள் வாங்கினார்கள். போர் முடிந்தபின், முறையாக அதிகாரம் பெற்று வெளியான நோட்டுகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. மனம் இருந்தால் ஒருவன் கொடுத்த வாக்கை அவனுக்குப் பின் வந்தவன் காப்பாற்றவும் முடியும்.

இனிச் சேகரிப்பவரைப் பற்றி. பிறர் ஏமாந்ததை ஆல்பத்தில் ஒட்டிவைத்து ரசிக்கலாமா என்று எனக்கே ஒரு கேள்வி இருந்தது. இந்தச் சந்தையின் விதி ஒன்று உண்டு: மொடமொடப்பான, மடிப்பு விழாத நோட்டுக்குத்தான் விலை அதிகம். அதாவது, யாருக்கும் உதவாமல், ஒருவர் வியர்வையும் படாமல் கிடந்த தாளுக்கே மதிப்பு. நாலாக மடித்து மடியில் செருகி, அரிசிக் கடைக்குப் போய்வந்த நோட்டு மலிவு. பணத்தை அழகுப் பொருளாக்கினால் இப்படித்தான் ஆகும். மனிதன் தொட்ட தடமே குறையாகிவிடும்.

என் நண்பர் கசங்கியதைத்தான் தேடி வாங்குகிறார். பணம் குறைவு என்பது ஒரு காரணம். அது மட்டும் அல்ல. ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறார்: எந்த வீட்டுப் பெட்டியில் கிடைத்தது, வைத்திருந்தவர் எந்தத் தோட்டத்தில் என்ன வேலை செய்தார், எந்த வருஷம் ஊர் திரும்பினார். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது வேடிக்கைப் பொருள். சீட்டோடு இருந்தால் அது கணக்கு; தீராத கடனைத் தீரவில்லை என்று சொல்லுகிற கணக்கு. அத்தகைய சேகரிப்பைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு டிரங்குப் பெட்டி இருக்கலாம். அதில் வாழைமரம் போட்ட தாள் கிடைத்தால், என்ன விலை போகும் என்று கேட்டு அலையாதீர்கள், பெரிதாகப் போகாது. வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே, அது யாருடைய கூலி என்று கேட்டு எழுதி, அதோடு சேர்த்து வையுங்கள்.