தலைகீழாய்த் தொங்கும் குமரி

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைத்தெருக்களில் நிலைப்படிக்கு மேலே வேரோடு பிடுங்கிய சோற்றுக்கற்றாழை தலைகீழாகத் தொங்குவது வழக்கமான காட்சி. கண்ணேறும் நாவூறும் அண்டாமலிருக்கக் கட்டுகிறார்கள். சித்த மருத்துவம் இந்தச் செடியைக் குமரி என்றே அழைக்கும். மண்ணும் நீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதால், காற்றைக் குடித்து வாழ்கிறது என்பார்கள். அது குடிப்பது தன் மடலில் தானே சேர்த்து வைத்த நீரை. இலைத்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு இரவில் திறக்கும். அப்போது வாங்கிய கரியமில வாயுவை அமிலமாக்கி வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் செலவழிக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இந்தியாவில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன், இதே முறையில் வாழும் ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் மென்றே கண்டுபிடித்தார். அது 1815-இல் அச்சானது. அந்த ரணகள்ளிக்குத் தமிழில் இன்னொரு பெயர் உண்டு: கட்டிப்போட்டால் குட்டிபோடும். தொங்கும் கற்றாழையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வெளிமடல்கள் தாளாய்ச் சுருங்கியிருக்கும். உள்ளே குருத்து மட்டும் கொக்கிபோல வளைந்து வானத்தை நோக்கித் திரும்பியிருக்கும். எத்தனை நாள் தொங்கினாலும் மேல் எது, கீழ் எது என்பதை அது மறப்பதில்லை.

தாங்குகிறது என்பதற்காகவே ஓர் உயிரை இப்படி வைத்திருப்பது அறமா? இந்த மண்ணில் இது புதிய கேள்வியல்ல. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலைப்பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் இருக்கின்றன. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னர் காலத்தில் சமணத் துறவிகள் வாழ்ந்த இடம் அது. செடிகொடிகளுக்குத் தொடுவுணர்வு ஒன்று உண்டு, ஆகவே அவையும் உயிர் என்பது அவர்கள் கொள்கை. தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றே வகுத்தது. சுவேதாம்பரச் சமணர் உண்ணாமல் விலக்கும் தாவரங்களின் பட்டியலில் இஞ்சியோடும் கிழங்குகளோடும் கற்றாழையும் கள்ளியும் உள்ளன. ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் என்பது அந்த வகைக்கு இலக்கணம். வெட்டிய துண்டு மறுபடி தழைப்பது அதன் அடையாளம். உயிர்க்கணக்கை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் அதிலுள்ள தர்க்கம் என்னை நிறுத்தி வைக்கிறது. எளிதில் சாகாத செடியிடம் கூடுதலாகக் கை ஒடுங்க வேண்டும் என்றார்கள் அவர்கள்; சாகாது என்பதையே அனுமதியாக எடுத்துக்கொண்டோம் நாம்.

நரம்பில்லாத செடிக்கு வலி ஏது என்று கேட்கலாம். வலிக்கிறது என்று நானும் சொல்லவில்லை. வேர் மண்ணுக்கும் குருத்து ஒளிக்கும் போவது அதன் நன்மை. வலியில்லாமலே ஒன்றின் நன்மையைத் தடுக்க முடியும். தினமும் கீரை அரிகிறோமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அரிவது பசிக்கு, பசிக்கு மாற்று வழி இல்லை. வாசலில் தொங்குவது எந்தப் பசியையும் ஆற்றுவதில்லை. மூன்றாவது மறுப்பு நம்பிக்கையிலிருந்து வருகிறது, அதை மரியாதையோடுதான் எதிர்கொள்ள வேண்டும். செடி கருகினால் நமக்கு வந்ததை அது வாங்கிக்கொண்டது என்கிறார்கள். அப்படியானால் அதை உயிரென்று மற்ற யாரையும்விட அவர்களே உறுதியாக நம்புகிறார்கள்; நமக்குப் பதிலாக இன்னோர் உயிரை நிறுத்துகிறோம் என்றும் ஆகிறது. 19-ஆம் நூற்றாண்டில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் உயிர்ப்பலியை விலக்கியது இதே மண்ணில்தான். ஆடும் கற்றாழையும் சமமல்ல, ஒப்புக்கொள்கிறேன். பலி என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

காவல் வேண்டுமென்றால் கற்றாழை வாசலிலேயே இருக்கட்டும், மண்ணில் வேரூன்றி. இறக்கிய செடியின் காய்ந்த மடல்களையும் செத்த வேரையும் நறுக்கி, இரண்டு நாள் நிழலில் ஆறவிட வேண்டும். அடியில் துளையுள்ள மண்சட்டியில் ஓட்டுச்சில்லு பரப்பி, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்தே தண்ணீர் விடலாம். இடவப்பாதியும் ஐப்பசி மழையுமாக இரண்டு பருவம் நனையும் ஊர் இது. வறட்சி கொல்லாத செடியைத் தேங்கும் நீர் விரைவிலேயே அழுகவைத்துவிடும். அதனால் இறவாணத்து நீர் சொட்டாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். கொக்கியாய் வளைந்த குருத்து உடனே நிமிராது. அடுத்தடுத்து வரும் மடல்கள் நேராக எழும், பிறகு தூரில் ஒரு பக்கக்கன்று எட்டிப்பார்க்கும்.