மகளுக்கு விற்கும் குதிரை

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், மோசடி என்றால் என்ன என்பதைத் தன் 17ஆவது பிரிவில் சொல்கிறது. அந்தப் பிரிவுக்குத் தரப்பட்டிருக்கும் உதாரணங்களில் ஒரு குதிரை வருகிறது. குதிரையிடம் குறை இருப்பது விற்பவருக்குத் தெரியும். ஏலத்தில் எடுப்பவரிடம் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்திலும் அதே குதிரைதான். ஆனால் வாங்குவது விற்பவரின் மகள், அப்போதுதான் மேஜர் ஆனவள். இப்போது குறையைச் சொல்ல வேண்டியது அவர் கடமை என்கிறது அதே சட்டம். குதிரை மாறவில்லை, குறை மாறவில்லை, விற்பவருக்குத் தெரிந்திருந்ததும் மாறவில்லை. எதிரே நிற்பது யார் என்பது மாறியதும் மௌனத்தின் தன்மையே மாறிவிட்டது. 150 ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டு உதாரணங்களுக்கு நடுவில் ஓர் அறக் கேள்வி கிடக்கிறது. தெரிந்த குறையைச் சொல்லாமல் விற்பது எப்போது பாவமாகிறது? பழைய குடும்ப வண்டி கைமாறும் இடத்தில் வைத்து இதைப் பார்த்தால் விடை தெளிவாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

1984இல் வந்து பின்னால் ஆம்னி என்று பெயர் மாறிய மாருதி வேன் தொடங்கி, 2000இல் குவாலிஸ், 2005இல் இன்னோவா, 2012இல் எர்டிகா என்று இந்த வகை வண்டிகளுக்கு நம் வீடுகளில் தனி இடம் உண்டு. தாத்தா பாட்டியோடு குலதெய்வம் கோயிலுக்குப் போக, பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பிள்ளையோடு புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட, பெரியவர்களைப் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வாங்குகிற வண்டி இது. புது இன்னோவா ஒன்றை ரோட்டில் இறக்க இன்று 20 லட்சத்துக்கு மேல் வேண்டும் என்பதால், நடுத்தரக் குடும்பங்கள் செகண்ட் ஹேண்ட் வண்டிதான் தேடுகின்றன. தேடுகிற வண்டியின் மினுமினுப்புக்குக் கீழே என்னவெல்லாம் இருக்கக்கூடும்? 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடியும் சென்னையில், அதே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். கழுத்தளவு தண்ணீரில் நின்ற வண்டியை இன்சூரன்ஸில் முழு நட்டம் என்று கழித்துவிடுவார்கள். ஏலத்தில் போன அந்த வண்டியைக் கழுவிக் காயவைத்து, புது மேட் விரித்து வேறோர் ஊரில் விற்பனைக்கு நிறுத்தலாம். ஒயரிங் இணைப்புகளுக்குள் புகுந்த ஈரம் உடனே காட்டிக்கொடுக்காது. மாதக்கணக்கில் பச்சை பூத்து, ஒருநாள் ராத்திரி நெடுஞ்சாலையில் விளக்குகளை அணைக்கும். மஞ்சள் போர்டில் வாடகைக்கு ஓடிய வண்டி வெள்ளை போர்டுக்கு மாறும்போது மீட்டரில் இருந்த 3 லட்சம் கிலோமீட்டர் 80 ஆயிரமாகச் சுருங்கியிருக்கலாம். எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல் அந்த இடத்தை மூடிவிட்டு, சாவி போட்டதும் எரிந்து அணைய வேண்டிய எச்சரிக்கை விளக்கின் இணைப்பையும் எடுத்துவிடுவது. அங்கே ஆபத்தை மறைப்பதோடு, ஆபத்து இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே வாயையும் அடைத்துவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வி பழையது. கி.மு. 44இல் ரோமாபுரியின் சிசரோ தம் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில், இதை முன்வைத்து இரண்டு ஸ்டோயிக் தத்துவவாதிகள் மோதுகிறார்கள். ஒருவர் பாபிலோனின் டயோஜெனிஸ், மற்றவர் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சுகாதாரக் கேடும் உளுத்த மரமும் கொண்ட ஒரு வீடு. அந்தக் குறை விற்பவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டுமா? உங்களை வாங்கச் சொல்லி அவர் கட்டாயப்படுத்தினாரா என்று கேட்கிறார் டயோஜெனிஸ். சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது அவர் கட்சி. ஆன்டிபேட்டருக்கோ இது வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் போவதை விடவும் கேடானது. தெரிந்தே ஒருவனைத் தவற்றுக்குள் நடத்திச் செல்வது. சிசரோ மாணவர் பக்கம் நின்றார். டயோஜெனிஸின் வாதம் இன்றைக்கும் எந்தப் பழைய வண்டிச் சந்தையிலும் காதில் விழும். பெயர் மட்டும் இருக்காது. “பார்த்துத்தானே வாங்குனீங்க, மெக்கானிக்கையும் கூட்டிட்டு வந்தீங்களே” என்பது அதே வாதத்தின் தமிழ் உருவம்தான். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், சில விதிவிலக்குகளோடு, வாங்குகிறவர்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

சமய மரபுகள் இந்த இடத்தில் வியக்கத்தக்க ஒற்றுமையோடு சட்டத்தைத் தாண்டிப் போகின்றன. சந்தையில் குவித்து வைத்திருந்த உணவுப் பொருளுக்குள் நபிகள் நாயகம் கைவிட்டுப் பார்த்தார்; உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபிகள், ஏமாற்றுகிறவரைத் தம்மைச் சேர்ந்தவராக ஏற்கவில்லை. அந்த வியாபாரி ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நனைத்தது மழை; அதற்கு அவர் பொறுப்பில்லை. காய்ந்ததை மேலே வைத்ததுதான் குற்றம். வெள்ளத்தில் நின்ற வண்டிக்குள் புது மேட் விரிப்பது இதே செயல்தான். கிறிஸ்தவ மரபில், 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவைனாஸ் விற்பவரின் கடமை குறித்துத் தனியே விவாதிக்கிறார். ஒற்றைக் கண் குதிரையின் குறை எல்லோருக்கும் தெரிகிறது. அதற்கேற்ப விலையையும் குறைத்தால் வாய் திறந்து சொல்லியாக வேண்டும் என்பதில்லை. வெளியே தெரியாத குறை வாங்குகிறவருக்கு நட்டத்தையோ ஆபத்தையோ தருமானால் சொல்லியே தீர வேண்டும். நட்டம், ஆபத்து என்று அவர் இரண்டாகப் பிரித்துச் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வள்ளுவரோ பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்ற கருத்தைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். வாய்மையை வரையறுக்கும்போதும், நடந்ததை நடந்தபடி சொல்வது என்று அவர் தொடங்கவில்லை. பிறருக்குத் தீங்கு விளைவிக்காத சொல்லே வாய்மை என்றார். அந்த அளவுகோலை வைத்தால், “நான் பொய் எதுவும் சொல்லலையே” என்பவருக்கு ஒளிய இடமில்லை. தீங்கு நேர்ந்ததா என்பதுதான் வள்ளுவரின் கேள்வி.

இந்த மரபுகள் காட்டும் திசையில் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கலாம். டயோஜெனிஸின் வாதம் முழுவதும் ஓர் அச்சாணியில் சுழல்கிறது: வாங்குகிறவர் வயதுவந்தவர், தாமாக வந்தார், பார்த்தார், ஒப்புக்கொண்டார். வீட்டுக்கும் தானியத்துக்கும் இது ஓரளவு பொருந்தலாம். ஏழு பேர் உட்காரும் வண்டியில் பணம் கொடுப்பவர் ஒருவர்; மற்ற ஆறு பேர் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது வரிசையில் உட்காரும் குழந்தைக்கு சேசிஸ் என்றால் என்னவென்று தெரியாது. அது எங்கே வெட்டி வெல்டு செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்கத் தெரியாது. பேரத்தில் குறைத்த 40 ஆயிரத்தில் அதற்குப் பங்கும் கிடையாது. நட்டம் அப்பாவுக்கு, ஆபத்து பிள்ளைக்கு. அப்பா தம் பணத்தை வைத்துச் சூதாடலாம் என்று வேண்டுமானால் டயோஜெனிஸ் சொல்லட்டும். பிள்ளையின் உயிர் பந்தயத்தில் இருப்பதே தெரியாமல் ஆடும் அப்பாவிடமிருந்து சம்மதம் கிடைத்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. மகளுக்கு விற்கும் குதிரை என்ற உதாரணம் இங்கேதான் தன் முழு அர்த்தத்தையும் காட்டுகிறது. மகளிடம் ஏன் சொல்ல வேண்டும்? அவள் இளையவள், விசாரிக்கத் தெரியாதவள், உன்னை நம்பி நிற்பவள். வண்டியின் பின்சீட்டில் எப்போதும் அப்படிப்பட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் யாரோ ஒருவரின் மகள் என்பதால் அந்தக் குணங்களில் எதுவும் குறைந்துவிடவில்லை.

குறையைக் கணக்கில் எடுத்துத்தானே குறைந்த விலைக்குக் கொடுத்தேன் என்று ஒருவர் கேட்கலாம். விலையைக் குறைத்தது நல்லதுதான். காரணத்தைச் சொல்லாமல் குறைத்த விலை வாங்குகிறவரின் கண்ணுக்கு அதிர்ஷ்டமாகத் தெரியுமே ஒழிய எச்சரிக்கையாகத் தெரியாது. பிரேக் பிடிப்பதில் கோளாறு என்று தெரிந்தால் அவர் அந்த வித்தியாசத்தில் பிரேக்கைச் சரிசெய்வார். தெரியாவிட்டால் சீட் கவர் மாற்றுவார். எல்லாம் அவரவர் தலையெழுத்து என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தெரியாமல் நேர்வதற்குத்தான் நம் முன்னோர் விதி என்று பேர் வைத்தார்கள். ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது அவர் கையில் இருந்த செயல்.

கடினமான ஆட்சேபம் வேறொன்று. விற்பவரும் கஷ்டத்தில் இருப்பவர். வண்டிக் கடன் இன்னும் முடியவில்லை. வீட்டில் ஒரு கல்யாணமோ ஆபரேஷனோ காத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் குறையும். சந்தையில் மற்ற எல்லோரும் மறைக்கும்போது இவர் ஒருவர் மட்டும் அரிச்சந்திரனாக இருந்து குடும்பத்தைத் தெருவில் விட வேண்டுமா? இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. வறுமை பெரிய துன்பம். அதில் இருப்பவரிடம் அறம் பேசுவது வயிறு நிறைந்தவருக்குச் சுலபம். ஆனாலும் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒன்றரை லட்சம் உண்மையைச் சொல்வதால் போகிற பணமா? வெள்ளம் வந்த அன்றே, லாரியில் மோதிய அன்றே போய்விட்ட பணம் அது. நட்டம் ஏற்கெனவே நேர்ந்துவிட்டது. யார் தலையில் இறங்கும் என்பது மட்டும்தான் பாக்கி. சொல்லாமல் விற்கும்போது தம் நட்டத்தைத் தம்மைப் போலவே கடன் வாங்கி வண்டி எடுக்க வருகிற, பெரும்பாலும் தம்மைவிட வசதி குறைந்த ஒரு குடும்பத்தின் தலையில் இறக்கி வைக்கிறார். கஷ்டப்படுகிறவருக்கு உதவி கேட்க உரிமை உண்டு. உறவினரிடம் கேட்கலாம், வங்கியிடம் தவணை கேட்கலாம், வாங்குகிறவரிடமே நிலைமையைச் சொல்லிக் கூடுதலாகக் கேட்கலாம். அடுத்தவர் அறியாமல் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையை எந்தக் கஷ்டமும் தருவதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, புதிதாகவே வாங்கிவிட்டால் போயிற்று என்பது பலருடைய முடிவு. முடிந்தவர்களுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் நடுவில் இவ்வளவு பெரிய விலைப் பள்ளம் ஏன் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்கியது. 2001இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு அடிப்படையும் அந்த ஆராய்ச்சிதான். நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாதபோது எல்லா வண்டிக்கும் சந்தேக விலைதான் கொடுப்பார். அந்த விலைக்குத் தம் நல்ல வண்டியை விற்க மனமில்லாதவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். கெட்ட வண்டிகளே சந்தையில் மிஞ்சும். ஆக, மறைத்து விற்கிற ஒவ்வொருவரும் தம்மிடம் வாங்கியவரை மட்டும் வஞ்சிக்கவில்லை. பத்து வருடம் ஒழுங்காக சர்வீஸ் செய்து வைத்திருக்கும் முகம் தெரியாத ஒருவரின் வண்டியிலிருந்தும் ஒரு தொகையை உருவிக்கொள்கிறார். புது வண்டி வாங்குகிறவரும் இதிலிருந்து தப்பியவர் அல்லர். அவரிடம் பெரும்பாலும் கொடுக்க ஒரு பழைய வண்டி இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் ஷோரூமிடம் தள்ளிவிட்டால், நிறுவனம்தானே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மனம் சமாதானமாகிவிடுகிறது. ஷோரூம் அந்த வண்டியை ஓட்டப்போவதில்லை. மூன்றாவது, நான்காவது கைக்குப் பிறகு அதில் ஒரு குடும்பம்தான் ஏறும். எத்தனை கை மாறினாலும் தெரிந்த குறை தெரிந்ததுதான். இடையில் நிற்கும் புரோக்கர், கேட்டால் சொல்ல வேண்டி வரும் என்பதாலேயே பழைய ஓனரிடம் எதையும் கேட்காமல் விடுவதும் இதே வகைதான். தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒருவர் எடுக்கும் சிரமமே அவருக்குப் பாதி தெரியும் என்பதற்குச் சாட்சி.

அப்படியானால் ஒவ்வொரு கீறலையும் பட்டியல் போட வேண்டுமா? வேண்டாம். தேய்ந்த டயர் கண்ணுக்குத் தெரிகிறது, அது ஒற்றைக் கண் குதிரை. விலை அடுத்த மாதம் இறங்கும் என்ற வியாபார ஊகத்தைச் சொல்லும் கடமையும் இல்லை. ஒப்பந்தச் சட்டமும் அக்குவைனாஸும் இதில் ஏறக்குறைய ஒரே கருத்து. நான் வைக்கும் எல்லை எளியது: தெரிந்திருந்தால் அந்தத் தாய் பிள்ளையை அந்தச் சீட்டில் உட்காரவைக்கத் தயங்குவாள் என்றால், அதைச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஏறியது, சேசிஸில் அடி விழுந்தது, ஏர்பேக் இல்லாதது, ஓடிய உண்மையான தூரம் ஆகியவை அதற்குள் வரும். ஏசி கொஞ்சம் மந்தம் என்பது வராது.

சட்டத்தின் அந்தக் குதிரை உதாரணம் மூன்றாவதாக ஒரு முறையும் வருகிறது. நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன் என்று வாங்குகிறவர் சொல்கிறார். விற்பவர் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம். வாங்கப் போகிறவர்கள் இந்த வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லலாம்: “பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற வண்டிங்க. தண்ணில நிக்கல, அடிபடல, நீங்க வேற சொல்லாட்டி அப்படின்னே எடுத்துக்கிறோம்.” சொல்லத் தோன்றாதவர்களும் இருப்பார்கள். சென்னை பாடிகார்ட் முனீஸ்வரர் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம் பழம் வைத்து ஏற்றுவதற்கு வருகிற பழைய வண்டிகளில் எத்தனையோ இப்படி எதையும் கேட்காமல் வாங்கியவை. ஆனால் குடும்ப வண்டி பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடுதான் வருகிறார்கள். பெரியவர்கள் பானெட்டைத் திறந்து ஆர்சி புக்கைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்து, யாருக்கு ஜன்னல் என்று சண்டை போட ஆரம்பித்திருப்பார்கள். விற்பவர் நிற்கிற இடத்திலிருந்து அவர்கள் நன்றாகத் தெரிவார்கள்.