வேதாளத்தின் மௌனமும் தற்சுழல் நிரலும்

கதைசொல்லும் பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பதாகக் கொள்வோம். எழுதவேண்டிய நிரல் சிறியதே. 'கதை சொல்' என்பது செயற்கூற்றின் பெயர். கதையினுள் ஒரு பாத்திரம் வாய்திறந்தால் அச்செயற்கூறு தன்னையே மீண்டும் அழைக்கும். கணினியியலார் இதனைத் தற்சுழற்சி என்பர். பஞ்சதந்திரத்தில் நரியொன்று காகத்தின் கதையைக் கூற, அதனுள் வரும் மற்றொரு நரி காகத்திற்குக் கொக்கும் நண்டும் பற்றிய கதையைக் கூறுவது இம்முறையே.

முடிவற்ற கதை கேட்க விரும்பிய அரசனுக்கு, குருவி களஞ்சியத்திலிருந்து ஒரு நெல்லை எடுத்துச் சென்றது, மீண்டும் வந்து இன்னொரு நெல்லை எடுத்தது என்று சொல்லிக்கொண்டே போகும் நாட்டார் கதை வேறு வகை. அது வெறும் மடக்கு. கேட்போரின் சலிப்பே அதன் முடிவு. தற்சுழற்சியிலோ ஒவ்வொரு புறக்கதையும் அகக்கதை முடியும்வரை அடுக்கில் காத்திருக்கிறது. எனவே கதைசொல்லி கடன்பட்டவராகிறார். அக்கடனைத் தீர்க்காமல் கதையை நீட்டிக்கொண்டே செல்வது அறமாகுமா என்பதே ஈண்டு எழும் வினா.

11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்துள் இடம்பெறும் வேதாளக் கதைகள் இவ்வினாவிற்கு விடை தேட உதவுகின்றன. மேலோட்டமாக நோக்கின் இவையும் மடக்கே: அரசன் விடை கூறுவான், வேதாளம் மரமேறும். ஆயின் அவன் ஏன் வாளா இருத்தல் கூடாது? அறிந்தும் கூறாவிடின் தலை வெடிக்கும் என்பது நிபந்தனை. ஆகவே நிறுத்தற்குறியைப் பொய்யாக இட இயலாது. மெய்யான அறியாமை ஒன்றே நிரலை நிறுத்தும். புலமையுலகில் இந்நிபந்தனை நடைமுறைக்கு வந்தால் நம்மில் பலர் நெடுநேரம் பேசவேண்டியிருக்கும்; வேறு சிலர் உடனே அமர்ந்துவிடலாம்.

அரசனை மௌனமாக்கும் 24ஆம் கதையின் வினாவும் தற்சுழற்சியே. தந்தை மகளையும், அவன் மகன் அவள் தாயையும் மணக்கின்றனர். இரு இணையருக்கும் பிறக்கும் ஆண்மக்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை? தந்தையின் மகன் மற்றவனுக்குச் சிற்றப்பன். அம்மற்றவனோ இவனுக்குத் தாய்மாமன். ஒருவனை மருமகன் என்று நிறுத்தினால் அவனே சிற்றப்பனாகத் திரும்புகிறான். முறையைத் தேடும் செயற்கூறு தன்னையே அழைத்து அழைத்து அடுக்கை நிரப்பிவிடும்.

அரசன் வாய்திறவாது நடக்கிறான். அப்போதுதான் வேதாளம், பிணத்தைக் கொணரப் பணித்த துறவி அவனையே பலியிடக் கருதியிருப்பதை வெளிப்படுத்துகிறது. அகக்கதைகள் யாவும் முடிந்து புறக்கதைக்குத் திரும்பும்போது கைக்கு வரும் மதிப்பு ஓர் உயிர். குருவியின் கதைக்கு அவ்வாறு திருப்பித்தர ஒரு நெல்மணியும் இல்லை.