நடை சாத்தும் நேரம்

சிங்கப்பெருமாள் கோவிலில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் சாலை பிரியும் இடத்தில், பொழுது விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். காலை ஷிஃப்டுக்காரர்கள் ஏறுவார்கள். இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் இறங்குவார்கள். இறங்குகிறவர்கள் சிலரின் கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம் பதிந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் ஜன்னலில் போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு படுப்பார்கள். "பட்டப்பகலில் என்ன தூக்கம்?" என்று தெருவில் யாராவது கேட்பார்கள். அதைவிட வலிப்பது, படுத்திருப்பவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி: "இந்த நேரத்துக்கு ஒரு ஓ.டி. பார்த்திருக்கலாமே?"

வேலை செய்யாத நேரத்துக்காக ஒருவர் கூச வேண்டுமா? ஓய்வு உழைத்துப் பெறும் பரிசா, உயிருள்ள உடம்புக்கு இயல்பாகவே உரியதா?

ஓய்வுக்கு எதிரான வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மடியின்மைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியவர் வள்ளுவர். ஒரு தலைமுறை தூக்கம் பாராமல் உழைத்ததால்தான் எத்தனையோ வீடுகளில் அடுத்த தலைமுறை கல்லூரி வாசலை மிதித்தது. தவணையும் வட்டியும் கழுத்தை நெரிக்கும்போது, ஓய்வைப் பற்றிய பேச்சு வயிறு நிறைந்தவர்களின் பேச்சாகத்தான் படும். குடும்பத் தலைவரின் சோம்பலால் நொடித்துப்போன வீடுகளும் எல்லா ஊரிலும் உண்டு.

ஆனால் சோம்பலும் ஓய்வும் ஒன்றல்ல. சோம்பேறி தன் கடமையை அடுத்தவர் தலையில் கட்டுகிறார். ஓய்வெடுப்பவர் தன் உடம்புக்குப் பட்ட கடனைத் தீர்க்கிறார். ஒருவர் உட்கார்ந்திருப்பதன் சுமை யார் தோளில் விழுகிறது என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

இந்த வேறுபாடு உழவருக்குத் தெரிந்திருந்தது. வெயில் ஏறியதும் ஏரை அவிழ்த்து மாட்டை நிழலில் கட்டினார்கள். ஒரு போகம் ஆறப்போட்ட நிலத்தை யாரும் சோம்பேறி நிலம் என்று சொன்னதில்லை. தமிழ்நாட்டுக் கோவில்களும் பெரும்பாலும் உச்சிப்பொழுது கழிந்ததும் நடை சாத்தும். தொலைவிலிருந்து வந்தவர்கள்கூட மாலையில் கதவு திறக்கும்வரை நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். சாமிக்கும் ஓய்வு வேண்டும் என்பதை ஏற்கும் மனது, தன் உடம்புக்கு அதை மறுப்பது முறையா?

ஓய்வைப் பற்றிய இந்தக் கூச்சம் ஆலைச் சங்கின் காலத்தில் வளர்ந்தது. நேரம் கூலியாக அளக்கப்பட்டபோது, கூலி வராத நேரம் வீண் நேரமாகிவிட்டது. அதை எதிர்த்த குரலும் இந்த மண்ணிலேயே எழுந்தது. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது இடைவேளை தரச் சொன்னது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுக்கவே, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் கூட்டம் போட்டுச் சரியாக 100 ஆண்டுகள்.

அந்தப் போராட்டத்துக்கு மருத்துவமும் சான்று சொல்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணித்தன. அதே ஆண்டில், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. நாற்காலியைச் சட்டம் தரலாம். அதில் கூசாமல் உட்காரும் மனதை மனிதர்கள்தான் ஒருவருக்கொருவர் தர வேண்டும்.

அந்த மனதை வீட்டுக்குள் யார் தருகிறார்கள்? 2024-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடங்களைத் தருகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் தருவது 88 நிமிடங்கள். அப்படியிருந்தும், பெண்களிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருக்கேன்" என்கிறார்கள். மதியம் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுத் தரையில் தலை சாய்த்த பெண், வெளியே கேட் சத்தம் கேட்டதும் எழுந்து புடவையைச் சரிசெய்து துடைப்பத்தைக் கையில் எடுப்பது பல வீடுகளில் நடக்கும் காட்சி. செய்யாத தவறுக்கு அவரிடம் எப்போதும் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது.

ஆகவே தீர்ப்பு இதுதான்: ஓய்வெடுப்பதில் குற்றமில்லை. மனசாட்சி உறுத்த வேண்டுமானால், நம் ஓய்வு இன்னொருவரின் ஓய்வை விழுங்கும் இடத்தில் உறுத்தட்டும். சாப்பிட்டு எழுந்த தட்டை அங்கேயே விட்டுவிட்டு நாம் போய்ப் படுக்கும்போது, அந்தத் தட்டைக் கழுவ இன்னொருவர் விழித்திருக்கிறார்.

இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருப்பவரை எழுப்பாதீர்கள். அவரைத் தூங்கவைத்த வீட்டுப் பெண்ணுக்கும் மதியம் ஒரு மணி நேரம் நடை சாத்துங்கள். கேட் சத்தம் கேட்டால், வேறு யாராவது எழுந்து போங்கள்.