கொரிந்துப் பந்தியில் பசித்திருந்தவர்கள்

திருவிருந்து ஞாயிறுகளில் பல சபைகளில் கேட்கும் பிரசங்கம் ஒன்று உண்டு. தகுதியில்லாமல் அப்பத்தையும் ரசத்தையும் வாங்காதே, உன்னை நீயே சோதித்துப் பார் என்பதுதான் அது. மாமியாரோடு சண்டை போட்டவரும் பீடியை விட முடியாதவரும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஆதாரம், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம். வாசிப்பு பெரும்பாலும் 23-ஆம் வசனத்தில் தொடங்கும். விவகாரமோ 17-இலேயே தொடங்கிவிடுகிறது.

பவுல் இந்த நிருபத்தை எபேசுவிலிருந்து ஏறக்குறைய கி.பி. 54-இல் எழுதினார். அப்போது கோவில் கட்டடம் கிடையாது. விசுவாசிகள் வீடுகளில் கூடினார்கள். திருவிருந்து என்றால் வயிறு நிறையச் சாப்பாடு. சிலர் முந்திக்கொண்டு தின்று, குடித்து வெறித்திருக்க, சிலர் பசியோடு நின்றார்கள். ஜெர்மன் அறிஞர் கெர்ட் தைசன் 1970-களில் இதைப் பணக்காரர், ஏழை பிளவாக வாசித்துக் காட்டினார். ரோமானிய வீட்டு உணவறையில் சாய்ந்து உண்ண வழக்கமாக ஒன்பது பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் முற்றத்தில் இருந்திருக்கலாம். உள்ளே யார், வெளியே யார் என்று பந்தி பார்த்த தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பவுலின் கோபமெல்லாம் இல்லாதவர்களை வெட்கப்படுத்தியவர்கள் மேல்தான். அவர் சொன்ன பரிகாரமும் எளிது: சாப்பிடக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும்.

இதே நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்துக்குத் தமிழ்நாட்டில் வேறொரு கதை. யூதருக்கு யூதரைப் போல ஆனதாகப் பவுல் சொன்னது, மதுரையில் பணிசெய்த இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலியின் காவிக்கும் பூணூலுக்கும் நியாயமாக அமைந்தது. 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரி அதற்கு அனுமதி தந்தார். அதே ஆண்டில் நொபிலி மதுரையை விட்டுக் கிளம்பி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். ஆளுக்கேற்ற கோலம் என்ற அந்த வாசிப்பு அதோடு நிற்கவில்லை. 1640 முதல், தாழ்த்தப்பட்டோரிடம் போகப் பண்டார சுவாமிகள் என்று தனிக் குருக்களே வந்தார்கள். 9-ஆம் அதிகாரம் பந்தியைப் பிரித்தது. 11-ஆம் அதிகாரம் அலமாரியில் இருந்தது.

சீர்திருத்த சபைகளும் தப்பவில்லை. சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விட்டார். தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினார்கள். அதற்கு முன்பே தஞ்சையின் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் சாதித் திருத்தத்தை எதிர்த்து எழுதியிருந்தார். வேதம் தெரியாதவரா அவர்?

யாருக்கு, எந்தச் சச்சரவுக்காக எழுதிய கடிதம் என்று கேட்காமல் பிரசங்கித்தால் குற்றவாளி மாறிப்போகிறார். பந்தியில் இடம் மறுத்தவர் தப்பித்துக்கொள்ள, பீடிக்காரர் மாட்டிக்கொள்கிறார். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் சாதிக்கென்று எழுப்பிய சுவரைப் பற்றிக் கேள்விப்படாத போதகர் இருக்க முடியாது. அடுத்த திருவிருந்து ஞாயிறன்று போதகர்கள் 17-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கட்டும்.